ஒன்பது வரிகள் நீக்கம்

அந்த மடல் வெளியே போய் இருபத்தாறு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஞாயிறு, பிற்பகல் 3.52. தபால் பிரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் முத்திரை, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதை ஏழாவது தடவையாகப் படித்தாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. பாதி அழிந்த முத்திரையைப் பார்த்தே உறை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள் என்பதால் வேலை இடத்தில் ஒட்டிய பட்டம் அது. மடற்குழுவிலும் அதுவே நிலைத்துவிட்டது.

மடற்குழு 'எண்ணி' என்ற மென்பொருளுக்கானது. நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கொடுத்தால் அதிலுள்ள செல்களை எண்ணிச் சொல்லும். இலவசம். நிரல் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களுமாக அறுநூற்று நாற்பது பேர். ஒருவர் குழுவுக்கு மடல் போட்டால் அத்தனை பேருக்கும் போகும்.

முத்திரைக்கு நிரல் எழுதத் தெரியாது. அவள் வாசலைப் பார்த்துக்கொள்கிறாள். புது முகவரியிலிருந்து வரும் முதல் மடல் நேராகக் குழுவுக்குப் போகாது, வாசலில் நிற்கும். யாராவது கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், படித்துப் பார்த்து, திறந்துவிட வேண்டும். ஒன்பது வருஷமாக அவள் செய்கிற வேலை அது. ஒருவரும் நன்றி சொன்னதில்லை. வாசலுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

மடல் இதுதான்:

> இனி இந்தக் குழுவில் யாரும் யாரையும் இழிவாகப் பேசக் கூடாது.
[9 வரிகள் நீக்கம்]

இதை எழுதியவருக்கு நாயின் வாயைத் திறந்து பல் பார்க்கத் தெரியும். இப்போது நம் வாயை மூடக் கற்றுத்தர வந்திருக்கிறார். பதினான்கு விதிகள். அதில் ஒன்றையாவது தன் மூளையைக் கசக்கி யோசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. கைதட்டியவர்கள் மேல் பரிதாபப்படுகிறேன்.
— ஒரு பழைய உறுப்பினர்

நாய்ப் பல் பார்ப்பவர் யார் என்று குழுவுக்கே தெரியும். கால்நடை டாக்டர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மாணவி குழுவில் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டாள். முப்பத்திரண்டு பதில்கள் வந்தன, முப்பத்திரண்டும் கிண்டல். அவள் குழுவை விட்டே போய்விட்டாள். அதன் பிறகுதான் எப்படி எழுதுவது, எப்படிப் பதில் சொல்வது என்று விதிகள் வேண்டும் என்று முடிவானது. டாக்டர் பொறுப்பேற்றார். பத்து நாளுக்கு முன் ஐந்தாவது வரைவைத் தன் பெயரில் குழுவுக்கு அனுப்பினார். தெளிவாக இருந்தது, கனிவாக இருந்தது. ஒரே நாளில் நாற்பத்தொரு பாராட்டு மடல்கள் வந்தன.

நாற்பத்தொன்று என்பது முத்திரைக்குத் தெரியும். உட்கார்ந்து எண்ணியிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் 1.12க்கு அந்த மடல் வந்து விழுந்தது. அனுப்பிய முகவரி அன்று காலைதான் உண்டாக்கப்பட்டது. ஆக, வாசலில் நின்றிருக்க வேண்டிய மடல். யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். கடவுச்சொல் ஒன்றே ஒன்று, தெரிந்தவர்கள் மூன்று பேர்: முத்திரை, டாக்டர், சண்டியர் என்று எல்லோரும் கூப்பிடும் நிரலாளர். திறந்த நேரத்தை மட்டும்தான் வாசல் குறித்து வைக்கும். ஆளைக் குறிக்காது.

எண்ணியை முதன்முதலில் எழுதிய பேராசிரியர் தூரத்தில் இருக்கிறார். சனி மாலையே சுருக்கமாக எழுதிவிட்டார். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு விதிகள் மீதான வாக்கெடுப்பு முடிகிறது. அதற்குள் யார் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாக்கெடுப்பு ரத்து. வாசலும் மூவர் கையை விட்டுப் போகும். விசாரிக்கும் வேலை முத்திரைக்கு, தபால் ஆள் என்பதால்.

அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வாசல் ஒன்றுதான் இருந்தது.

அவமானமான இன்னொரு விஷயமும் இருந்தது. முதல் தடவை அந்த மடலைப் படித்தபோது, நல்லா வேணும் என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடி திரையை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

4.10.

சண்டியர் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். குடிநீர் வாரியத்தில் பம்புகளுக்கு நிரல் எழுதுகிறவர். மூன்று திரைகள், அவற்றின் மேல் காய்கிற இரண்டு பனியன்கள். விதிகளே வேண்டாம் என்று குழுவில் வெளிப்படையாகக் கத்தியவர் அவர் ஒருவர்தான். டாக்டர் அவர் வாயை அடைக்கத்தான் விதிக்குழுவில் சேர்த்துக்கொண்டார் என்று பேச்சு.

சனிக்கிழமை 1.12க்கு எங்கே இருந்தார் என்று கேட்டாள். தூங்கிக்கொண்டிருந்ததாகவும், சாட்சிக்கு மின்விசிறியைத்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நான் திட்டினா கீழ என் பேரும் இருக்கும், போன் நம்பரும் இருக்கும். திட்டு வாங்கினவன் திரும்பத் திட்ட வேணாமா? ஒளிஞ்சிருந்து திட்டுறதுல என்ன சுகம்?"

"கடவுச்சொல் மூணு பேருக்குத்தான் தெரியும்."

"அந்த மூணுல நீங்களும் ஒண்ணுதானே?"

முத்திரை தன் கைப்பேசியிலிருந்து அவருக்கு ஒரு மடல் அனுப்பி, பதில் போடச் சொன்னாள். அது ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த பழைய தொடரில் போட்ட மடல். அவர் பதில் வந்தது. மேலே 'சரி அக்கா' என்று இரண்டு சொல். கீழே அந்தத் தொடரின் முந்தைய மடல்கள் முழுக்க, முந்நூற்றுப் பன்னிரண்டு வரி, வால் மாதிரி தொங்கிக்கொண்டு.

இவர் எப்போதும் இப்படித்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு மேற்கோளைக்கூட வெட்டியதில்லை.

ஏன் வெட்டுவதில்லை என்று கேட்டாள்.

வெட்டினால் எவ்வளவு வெட்டினான் என்று படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஐந்தாவது வரைவின் ஏழாம் விதி, வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைத்தால் போதும் என்கிறது. மூன்று புள்ளிக்குப் பின்னால் ஒரு வரியும் ஒளியலாம், நூறு வரியும் ஒளியலாம். போன வியாழக்கிழமை கிளினிக்கில் நடந்த விதிக்குழுக் கூட்டத்தில் இதைத்தான் அரை மணி நேரம் கத்தினாராம்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"மண்டையை ஆட்டினாங்க. போன் பார்த்தாங்க. அவங்க நாத்தனார் மூலையில உக்காந்து எழுதிக்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான் கூட்டம்."

"அதுக்கப்புறம்?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டரிடமிருந்து ஆறாவது வரைவு வந்ததாகச் சொன்னார். இன்னும் பிரிக்கவில்லை. திரையைக் காட்டினார். மடல் தடித்த எழுத்தில், படிக்கப்படாததாகவே இருந்தது. அவள் எதிரில்தான் திறந்தார். வேறு யாருக்குப் போயிருக்கிறது என்று அவள் கேட்டாள். டாக்டருக்கும் தனக்கும் மட்டும்தான் என்றார். வாக்கெடுப்பு ஐந்தாவதின் மேல்தான்; இந்தத் திருத்தத்தை அது முடிந்து ஆறு மணிக்குத்தான் குழுவுக்குக் காட்டுவார்களாம்.

முத்திரை பையிலிருந்து ஐந்தாவது வரைவின் அச்சுத் தாளை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டாள். பிரிப்பு நிலையத்து விரல். வரிக்கு வரி இறங்கியது. ஏழாம் விதியில் நின்றது. மற்ற பதின்மூன்றும் அப்படியே இருந்தன. ஏழு மட்டும் மாறியிருந்தது: மேற்கோளில் வெட்டிய இடத்தில், எத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை அடைப்புக்குறிக்குள் எழுதவும்.

குழுவின் பழைய மடல்கள் எல்லாவற்றிலும் இப்படி எண்ணிக்கை போட்டவர் யார் என்று தேடச் சொன்னாள். பதினோராயிரம் மடல்கள். சண்டியர் தட்டினார். ஒரே ஒரு விடை வந்தது.

சனிக்கிழமை, 1.12.

முத்திரை அச்சுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"டாக்டரே தனக்குத்தானே எழுதிக்கிட்டாங்களா?" என்றார் சண்டியர்.

படியிறங்கும்போது முத்திரைக்கு அந்த எண்ணம் இனித்தது. நேற்று மதியத்திலிருந்து டாக்டருக்கு ஆறுதல் சொல்லி அறுபத்துமூன்று மடல்கள் வந்திருந்தன. அதையும் எண்ணியிருந்தாள். நாற்பத்தொன்று போதவில்லை, அறுபத்துமூன்றும் கேட்கிறது என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது மாடியில் நின்றாள். இவ்வளவு இனிக்கிறது என்றால் அதில் பாதி தன் வயிற்றெரிச்சல்தான் என்று தோன்றியது. மீதிப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

4.55.

கிளினிக் தரைத்தளத்தில், வீடு மேலே. ஞாயிறு என்பதால் வெளிக்கதவு பாதி சாத்தியிருந்தது. முன்னறையில் பெஞ்சு, எடை பார்க்கும் தட்டு, கணினி மேஜை. ஜன்னல் பக்கம் நுண்ணோக்கி. அதில் குனிந்து டாக்டரின் நாத்தனார் ஏதோ ரத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டருடைய கணவரின் தங்கை. முப்பது வயது, இங்கேயே ஆய்வக வேலை, வீட்டில் இன்னும் பாப்பா. முத்திரையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவளும் மடற்குழுவில் இருக்கிறாள், ஆறு வருஷமாக. முத்திரைக்குத் தெரிந்து இரண்டே மடல்தான் எழுதியிருக்கிறாள்.

கணினி மேஜைக்கு எதிர்ச்சுவர் முழுக்கத் தாள்கள் குத்தியிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தாள். பாராட்டு மடல்கள். மனைவி மேல் உள்ள பெருமையில் கணவர்தான் அச்செடுத்து வரிசையாகக் குத்தியிருக்கிறார். எத்தனை என்று எண்ண வேண்டியிருக்கவில்லை. மேஜையில் உட்கார்கிறவர் தலையை நிமிர்த்தினால் நாற்பத்தொன்றும் முகத்தில் அடிக்கும்.

டாக்டர் உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உயரம், சிரித்த முகம், சட்டென்று தோளில் கை போடுகிற பழக்கம். கண் வீங்கியிருந்தது. வாக்கெடுப்பே வேண்டாம், போதும் என்று நினைப்பதாகச் சொன்னார். முத்திரை நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நேத்து 1.12க்கு நீங்க எங்க இருந்தீங்க டாக்டர்?"

"ஆபரேஷன்ல. ஒரு நாய் காலுறையை முழுங்கிருச்சு."

பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். மயக்க மருந்து 12.30, கடைசித் தையல் 2.05. நாயின் சொந்தக்காரர் முழு நேரமும் பக்கத்திலேயே நின்று அழுதிருக்கிறார். கையெழுத்தும் போட்டிருக்கிறார். முத்திரை அவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். டாக்டர் மூச்சு விடக்கூட வெளியே போகவில்லை என்றார். நாய் எப்படி இருக்கிறது என்று அவளிடமே விசாரித்தார்.

பிடித்துக்கொண்டு வந்த மீதிப் பாதியும் அங்கேயே விழுந்துவிட்டது.

கடவுச்சொல்லை யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டாள். டாக்டருக்கே அது நினைவில்லை. இந்தக் கணினி நினைவு வைத்திருக்கிறது; வாசல் பக்கம் எப்போதும் திறந்தே கிடக்கும்.

"அப்ப நேத்து மத்தியானம் இந்த அறையில யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. இவதான் இருந்தா."

டாக்டர் அதை வெகு இயல்பாகச் சொன்னார். சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

முத்திரை பெஞ்சில் உட்கார்ந்தாள். தனக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்றாள்.

"ஆறாவது வரைவு தயாராயிருச்சாமே. அதுல ஏழாம் விதி என்ன டாக்டர்?"

"ஏழா? மேற்கோளை வெட்டுறது. வெட்டின இடத்துல மூணு புள்ளி வைக்கணும்."

"மூணு புள்ளி."

"ஆமா. ஏன்?"

நுண்ணோக்கியின் திருகில் இருந்த விரல்கள் நின்றன. முத்திரை அதைப் பார்த்தாள். டாக்டர் பார்க்கவில்லை.

5.31.

கணவர் மாடியிலிருந்து தேநீரோடு இறங்கி வந்தபோது முன்னறையில் மூன்று பெண்களும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அவர் தட்டை எடை பார்க்கும் தட்டின் மேல் வைத்தார். முள் இரண்டு கிலோவுக்குப் போய் நின்றது.

முத்திரை கைப்பேசியில் ஒரு மடலை எழுதி முடித்திருந்தாள். பேராசிரியருக்கு. அனுப்பாமல் மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். பிரிப்பு நிலையத்தில் மொட்டைக் கடுதாசி நிறைய வரும் என்று ஆரம்பித்தாள். எழுதுகிறவர்கள் கையெழுத்தை மாற்றுவார்கள், இடது கையால் எழுதுவார்கள். ஆனால் தபால்தலையை எப்போதும் ஒட்டுகிற மாதிரிதான் ஒட்டுவார்கள். அங்கே கோபம் எட்டாது. கை தன் பழக்கத்தில் போகும்.

"இந்த மடல்ல எல்லாரும் திட்டைப் படிச்சோம். நானும்தான். திட்டுக்கு மேல இருந்ததை ஒருத்தரும் படிக்கலை. திட்டுறவங்க யாரும் மேற்கோளை ஒழுங்கா வெட்டி, எத்தனை வரி வெட்டினேன்னு கணக்கு வெச்சுட்டுத் திட்ட மாட்டாங்க. இவங்க வெச்சாங்க. ஒன்பது வரி. நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான்."

அப்படி எழுதச் சொல்லும் விதி ஆறாவது வரைவில் மட்டும்தான் இருக்கிறது என்றாள். அது சண்டியருக்குப் போனது. இன்று நாலரை மணி வரை அவர் திறக்கவே இல்லை. மேற்கோளை வெட்டுகிற ஆளும் இல்லை அவர். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். அந்த விதி மாறியதே அவருக்குத் தெரியாது. தனக்கு இன்றுதான் தெரியும். வாசல் திறந்து கிடந்த கணினி இது. எதிரில் சுவர் அது. நேற்று 1.12க்கு இங்கே உட்கார்ந்திருந்தது ஒருவர்தான்.

"நீதானே?" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"ஆமா" என்றாள் நாத்தனார்.

அழவில்லை. நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். அதன் உறையை எடுத்து மூடினாள்.

கணவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. தங்கை அருகில் போனார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஏன் பாப்பா? உங்க அண்ணி உனக்கு என்ன குறை வெச்சா? கூடப்பிறந்தவ மாதிரி பார்த்துக்கிட்டா. அவளுக்கு நாலு பேர் நல்ல பேர் சொன்னா உனக்குப் பொறுக்கலையா? இத்தனை நாளும் மனசுல இதை வெச்சுக்கிட்டா எங்களோட உக்காந்து சாப்பிட்டே?"

"பொறுக்கலைதான்" என்றாள் அவள். கண்கள் ஒரு தடவை டாக்டர் பக்கம் போய்த் திரும்பின.

சுவரில் உள்ள தாள்களைக் கழற்றிவிடலாமா, உனக்கு அப்போது தூக்கம் வருமா என்று அண்ணன் கேட்டார். ஒரு நாலு வரி எழுதத் துப்பில்லாதவர்களுக்குத்தான் எழுதுகிறவர்களைப் பார்த்து இப்படி எரியும் என்றார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் தேநீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

முத்திரை கடிகாரத்தைப் பார்த்தாள். 5.43.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். டாக்டர் மூன்று புள்ளி என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது. ஆனால் அது வேறொருவர் வாயிலிருந்து வர வேண்டிய விஷயம். துப்பறிகிறவள் சொன்னால் வெறும் கண்டுபிடிப்பாகப் போய்விடும்.

கைப்பேசியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இதை அனுப்பினா வாசல் என் கையிலயே இருக்கும். வாக்கெடுப்பும் ரத்தாகாது, விதிகள் அமலுக்கு வரும். பதினாலாம் விதி என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியும். பேர் போடாம ஒருத்தரை இழிவுபடுத்தினா நிரந்தர நீக்கம். பேரை அறுநூத்து நாப்பது பேருக்கும் படிச்சுக் காட்டுவாங்க. அதுக்கப்புறம் இவங்க எழுதினது எதுவும் குழுவுல செல்லாது."

"அனுப்புங்க" என்றார் கணவர்.

"அனுப்பத்தான் போறேன். அதுக்கு முன்னாடி யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

நாத்தனார் இல்லை என்று தலையசைத்தாள். அந்த அசைப்பில் ஒரு பிடிவாதம் இருந்தது. கேட்டு வாங்க மாட்டேன் என்கிற பிடிவாதம். முத்திரைக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒன்பது வருஷமாகத் தன்னிடமும் இருப்பதுதான்.

5.46.

டாக்டர் எழுந்து சுவர் அருகே போனார். முதல் தாளைத் தொட்டார். 'எவ்வளவு பொறுமையாக யோசித்து எழுதியிருக்கிறீர்கள்' என்று ஆரம்பிக்கிற தாள். விரலால் அதன் ஓரத்தை நீவினார். கணவர், அதை ஏன் இப்போது பார்க்கிறாய், உட்கார் என்றார். அவர் உட்காரவில்லை.

"என் பேரைப் போடாதீங்கன்னு இவதான் சொன்னா" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "கூச்சம் இவளுக்கு. அனுப்புறப்போ கடைசி வரியில சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நன்றி வர ஆரம்பிச்சிருச்சு. பத்து வந்துச்சு. இருபது வந்துச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"என்ன சொல்றே?" என்றார் கணவர்.

டாக்டர் திரும்பினார். கணவரைப் பார்க்கவில்லை. நாத்தனாரைத்தான் பார்த்தார்.

"அதுல ஒரு விதிகூட நான் எழுதலைங்க. பதினாலும் இவ எழுதினது."